இகழ்பவரும் இகழத்தக்கவரும்

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகப் பிறந்தும் எதிரெதிர்த் திசையில் நிற்கும் இரண்டு பெயரடைகள் ஆங்கிலத்தில் உண்டு. ‘கன்டெம்ப்டிபிள்’ என்பது ஒன்று. ‘கன்டெம்ப்ச்சுவஸ்’ என்பது மற்றொன்று. இரண்டும் இகழ்ச்சியைப் பற்றியவை. முன்னதற்கு ‘இகழத்தக்க’ என்பது பொருள். பின்னதற்கு ‘இகழ்கின்ற’ என்பது பொருள். இகழப்படத்தக்கவரைச் சுட்டுவது முன்னது. இகழ்பவரைச் சுட்டுவது பின்னது. இவ்வேறுபாட்டை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். நானும் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கினேன். ஆயினும் ஆண்டுதோறும் விடைத்தாள்களில் இவ்விரு சொற்களும் இடம் மாறியே வந்தன.

1987ஆம் ஆண்டு சூலக்கரைக்கு அண்மையிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிற்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்து ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு நாள் பத்துச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். ஒரு மாணவன், ‘என் ஆசிரியர் என்னை இகழ்கிறார்’ என்னும் கருத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தான். ஆனால் ‘கன்டெம்ப்ச்சுவஸ்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கன்டெம்ப்டிபிள்’ என்று எழுதிவிட்டான். ஆகவே அவனுடைய வாக்கியம், ‘என் ஆசிரியர் இகழத்தக்கவர்’ என்று பொருள் தந்தது. அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிவப்பு மையால் திருத்தி, அரை மதிப்பெண் குறைத்தேன். இந்நிகழ்ச்சியின் மறுபாதியைப் பேச்சின் முடிவிற் கூறுகிறேன். முதலில் சொற்களைப் பார்ப்போம்.

இரண்டிற்கும் மூலமான பெயர்ச்சொல் ‘கன்டெம்ப்ட்’ என்பது. இலத்தீன் மொழியில் ‘கன்டெம்னெரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. ஒன்றைப் பொருட்படுத்தாது ஒதுக்கித் தள்ளுதல் என்பது அதன் பொருள். அதிலிருந்து பிறந்த சொல் இது. சினமும் பகையும் வேறு, இகழ்ச்சி வேறு. சினம் கொள்பவன் எதிரில் இருப்பவனை ஓர் ஆளாகவேனும் மதிக்கிறான். பகைப்பவன் பகைவனைக் கண்டு சிறிது அஞ்சவும் கூடும். இகழ்பவனோ மேலே நின்று கீழே பார்க்கிறான். எதிரில் இருப்பவனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று நாம் கூறும் குற்றத்திற்கும் ஆங்கிலத்தில் ‘கன்டெம்ப்ட்’ என்பதே பெயர். நீதிமன்றத்தின் ஆணையைப் பொருட்படுத்தாதிருத்தல் என்னும் பழைய கருத்து அங்கே அப்படியே நிற்கிறது.

நம் முன்னோர் இவ்வுணர்ச்சியை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து நகையை முதலில் வைத்தார். அந்நகை தோன்றும் களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார். அவ்வெள்ளலும் இருவகைப்படும் என்பர் உரையாசிரியராகிய பேராசிரியர். தான் பிறரை எள்ளுவது ஒன்று; பிறரால் தான் எள்ளப்படுவது மற்றொன்று. ஆங்கிலம் இரண்டு பெயரடைகளால் காட்டும் வேறுபாட்டை நம் உரையாசிரியர் எள்ளல் என்னும் ஒரே சொல்லுக்குள் கண்டு பிரித்திருக்கிறார்.

அப்படியிருந்தும் தமிழ் மாணவர்கள் இச்சொற்களில் ஏன் இடறுகிறார்கள்? அதற்கு நம் மொழியின் இயல்பே ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். தமிழில் ‘உண்ட சாத்தன்’ என்றும் கூறலாம். ‘உண்ட சோறு’ என்றும் கூறலாம். ‘உண்ட’ என்னும் பெயரெச்சம் ஒன்றே. சாத்தன் உண்பவன், சோறு உண்ணப்படுவது. எச்சத்தின் வடிவம் மாறாமலே செய்பவனையும் கொள்ளும், செய்யப்படுபொருளையும் கொள்ளும். ‘இகழ்ந்த மனிதன்’ என்று மட்டும் சொன்னால் இகழ்ந்தவன் அவனா, இகழப்பட்டவன் அவனா என்பது விளங்காது. ‘என்னை இகழ்ந்த மனிதன்’ என்றாலோ ‘நான் இகழ்ந்த மனிதன்’ என்றாலோதான் ஐயம் நீங்கும். வேற்றுமை உருபிலும் சூழலிலும் பொருளைத் தேடிப் பழகிய நம் மாணவன், ஆங்கிலச் சொல்லின் ஈற்றை உற்று நோக்குவதில்லை. ஆங்கிலமோ இங்கே ஈற்றிலேதான் பொருளை வைத்திருக்கிறது.

‘இபிள்’ என்றோ ‘ஏபிள்’ என்றோ முடியும் பெயரடைகளிற் பெரும்பாலானவை, ஒரு செயலைப் பெறத்தக்க தன்மையைக் குறிக்கும். ‘அஸ்’ என்னும் ஒலியில் முடிவன பல, ஒரு குணத்தை உடைமையைக் குறிக்கும். ‘டிசைரபிள்’ என்றால் விரும்பத்தக்கது. ‘டிசைரஸ்’ என்றால் விருப்பம் உடையவர். இந்த இணையை நினைவில் வைத்துக்கொண்டால் நம் இணையும் மறவாது. நேர்மையற்ற ஒரு சூழ்ச்சி ‘கன்டெம்ப்டிபிள்’. ஏழையைக் கண்டு உதட்டைச் சுழிக்கும் செல்வனுடைய பார்வை ‘கன்டெம்ப்ச்சுவஸ்’.

வழக்கில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. இன்னாரை இகழ்கிறார் என்று சொல்லும்போது ‘கன்டெம்ப்ச்சுவஸ்’ என்பதன் பின் ‘ஆஃப்’ என்னும் இடைச்சொல் வரும். ‘கன்டெம்ப்ட்’ என்னும் பெயர்ச்சொல்லை மனப்பான்மையைக் குறிக்க ஆளும்போது அதன் பின் பெரும்பாலும் ‘ஃபார்’ வரும். ‘கன்டெம்ப்டிபிள்’ என்பதன் ஈற்றை எழுதும்போது ‘ஐ’ என்னும் எழுத்தை இடவேண்டும். ‘ஏ’ என்னும் எழுத்தை இட்டு மதிப்பெண் இழந்தோர் பலர். இச்சொல்லில் சிறுமை என்னும் குறிப்பும் உண்டு. கொடுக்க வேண்டிய கூலியைக் குறைத்து ஒருவர் சில காசுகளை நீட்டினால், அத்தொகையையும் ‘கன்டெம்ப்டிபிள்’ என்பார்கள். ‘டெஸ்பிக்கபிள்’ என்னும் சொல் இதற்கு உறவுடையது. அதிற் கொடுமையின் சாயல் மிகுதி. இவற்றிற்கும் கீழே ஒரு படி உண்டு. ‘பினீத் கன்டெம்ப்ட்’ என்பார்கள். இகழ்வதற்குக்கூடத் தகுதியற்றது என்பது கருத்து.

இலக்கணம் இவ்வளவே. இனி இச்சொல் உலகில் நடமாடிய கதை ஒன்றைக் கேளுங்கள்.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முதல் உலகப் போர் மூண்டது. பிரான்சுக்குத் துணையாகப் பிரிட்டன் அனுப்பிய படை சிறியது. எதிரே வந்த ஜெர்மானியப் படையோ பல இலட்சம் பேரைக் கொண்டது. ஜெர்மானியப் பேரரசர் கெய்சர் வில்லெம் ஆகஸ்டு 19ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார் என்றும், அதில் பிரிட்டிஷ் படையைக் ‘கன்டெம்ப்டிபிள் லிட்டில் ஆர்மி’, அஃதாவது இகழத்தக்க சிறு படை, என்று குறித்தார் என்றும் பிரிட்டனில் ஒரு செய்தி பரவியது. கேட்ட போர்வீரர்கள் என்ன செய்தார்கள்? அச்சொல்லையே தங்கள் பட்டப்பெயராக ஏற்றுக்கொண்டார்கள். போரில் எஞ்சியவர்கள் ‘ஓல்ட் கன்டெம்ப்டிபிள்ஸ்’ என்று தங்களைப் பெருமையோடு அழைத்துக்கொண்டு, 1925ஆம் ஆண்டு அப்பெயரில் ஒரு சங்கமும் நிறுவினார்கள். பெயரடை பெயர்ச்சொல்லாகிப் பன்மை விகுதியும் பெற்றுவிட்டது, வசைமொழி விருதாகிவிட்டது.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. போருக்குப் பின் தேடியும் அந்த ஆணையின் மூலம் ஜெர்மானிய ஆவணங்களிற் கிடைக்கவில்லை. வீரர்களுக்குச் சினமூட்டுவதற்காகப் பிரிட்டிஷ் தரப்பிலேயே புனையப்பட்டிருக்கலாம் என்ற கருத்தை, ஆர்தர் பான்சன்பி என்னும் ஆங்கிலேயரே 1928இல் வெளியிட்ட போர்க்காலப் பொய்கள் பற்றிய நூலில் எடுத்துக்காட்டினார். மற்றொன்று இலக்கணச் செய்தி. ‘கன்டெம்ப்டிபிள்’ என்னும் பெயரடையை நீக்கி, ‘கன்டெம்ப்டிப்ளி’ என்னும் வினையடையை அவ்விடத்தில் வைத்துப் பாருங்கள். ‘மிகமிகச் சிறிய படை’ என்று பொருள் மாறிவிடும். இகழ்ச்சி வீரத்தை விட்டு நீங்கி எண்ணிக்கையின் மேற் செல்லும். உண்மையில் அப்படித்தான் சொல்லியிருக்கக்கூடும் என்று கருதுவோரும் உண்டு. ஈற்றெழுத்து ஒன்று மாறினால் ஒரு படையின் மானம் போகும், அல்லது மீளும். இலக்கணம் வெறும் தேர்வுக்குரியது என்று இனி எண்ணாதீர்கள்.

இனி நம் பக்கம் வருவோம். எங்கள் ஊரிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் மதுரை. அங்கே மேலமாசி வீதியில் ஒரு வீட்டின் மாடியில் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் தம் மேலாடைகளைக் களைந்து, அரையில் ஒரு துண்டு உடுத்தத் தொடங்கினார். கதர் வாங்கப் பொருளில்லை என்று கூறிய ஏழைகளின் சொல் அவர் நெஞ்சைத் தைத்திருந்தது. அவர்களிற் பலர் உடுத்திய அளவே தமக்கும் போதும் என்று துணிந்தார். அத்துணிவுக்குச் சான்றாக நின்றது நம் பாண்டி நாடு.

பத்தாண்டுகள் கழிந்தன. 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் வின்ஸ்டன் சர்ச்சில் இங்கிலாந்தில் ஒரு கூட்டத்தில் பேசினார். அப்போது அவர் அமைச்சரல்லர். வைசிராயாகிய இர்வின் பிரபுவோடு சமமாக அமர்ந்து பேசக் காந்தியடிகள் சென்றதை அவரால் பொறுக்க முடியவில்லை. ‘மிடில் டெம்பிள்’ வழக்கறிஞர் ஒருவர் பக்கிரி வேடம் பூண்டு, ‘ஹாஃப் நேக்கட்’ ஆக, அஃதாவது அரை நிர்வாணமாக, வைசிராய் மாளிகையின் படிகளில் ஏறுகிறார் என்று இகழ்ந்தார். ‘அரை நிர்வாண’ என்னும் அடைமொழியை அகராதியிற் பாருங்கள். வசை என்ற குறிப்பு இராது. உடுத்திய நிலையைக் கூறும் சொல் அது. வசையாக்கியது சொன்னவரின் குரல். மற்றொன்றும் கவனியுங்கள். காந்தியடிகள் சட்டம் பயின்று வழக்கறிஞரானது ‘மிடில் டெம்பிள்’ என்னும் கழகத்தில் அன்று; ‘இன்னர் டெம்பிள்’ என்னும் கழகத்தில். இகழ்பவர் எதிரில் இருப்பவரைக் கூர்ந்து பார்ப்பதில்லை என்று முன்னே சொன்னேன்; இஃது அதற்கு ஒரு சான்று.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் காந்தி–இர்வின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நவம்பர் மாதத்தில் அதே எளிய உடையோடு காந்தியடிகள் பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கண்டார். 1944ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், பிரதமராக இருந்த சர்ச்சிலுக்கு ஒரு சிறு மடல் எழுதினார். தாம் நெடுங்காலமாகவே பக்கிரியாகவும், அதிலும் நிர்வாணப் பக்கிரியாகவும் ஆக முயன்று வருவதாகவும், ஆதலால் அச்சொல்லைப் பாராட்டாகவே கொள்வதாகவும் அதில் தெரிவித்தார். இரு நாட்டு மக்களின் நலத்திற்காகத் தம்மை நம்பிப் பயன்படுத்திக்கொள்ளுமாறும் வேண்டினார். மடலில் ஒரு சுடுசொல்லும் இல்லை.

இதுவரை பிறர் நம்மை இகழ்ந்ததைக் கூறினேன். நாம் இகழ்ந்ததையும் கூறாவிட்டால் இப்பேச்சு நேர்மையாகாது. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொற்கள் பல உண்டு. கட்டுமரமும் மிளகுத் தண்ணீரும் சென்றன என்று நாம் மகிழ்ந்து கூறுகிறோம். ‘பரியா’ என்னும் சொல்லும் சென்றது. நம் நாட்டில் உழைத்து வாழும் ஒரு மக்கட் பிரிவினரின் பெயர் அது. பறை என்னும் இசைக்கருவியின் பெயரோடு தொடர்புடையது என்பர் பலர். ஆங்கிலத்தில் அது யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒருவனுக்குப் பொதுப்பெயராயிற்று. வேறு பெயர்ச்சொல்லுக்கு முன்னே நின்று அடைமொழியாகவும் வழங்குகிறது. உலகநாடுகள் ஒதுக்கிய ஓர் அரசைக் குறிக்க இன்றும் ஆங்கில நாளேடுகள் இச்சொல்லை ஆள்கின்றன. தெரு நாயைக் குறிக்கவும் ஆண்டார்கள். இவ்விழிவைப் படைத்தவர் ஆங்கிலேயர் என்று சொல்லித் தப்ப முடியுமா? நாம் அம்மக்களை நடத்திய விதத்தைக் கண்டு, கண்டபடியே தம் அகராதியிற் குறித்துக்கொண்டனர். குறித்தது அவர்கள் கை. நடத்தியது நம் கை.

இவ்விகழ்ச்சியை அம்மக்களின் தலைவர்கள் இருவழியில் எதிர்கொண்டனர். இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டு சென்னையில் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எப்பெயரைச் சொல்ல நாணும்படி ஊர் செய்திருந்ததோ, அப்பெயரை முகப்பில் அச்சிட்டு ஊரெங்கும் அனுப்பினார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து தம் மக்களுக்காகப் பேசியவரும் அவரே. மற்றொரு வழியைக் கண்டவர் எம்.சி. ராஜா. 1922ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில், இழிவு ஏறிய பழைய பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ‘ஆதி திராவிடர்’ என வழங்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கம் அதனை ஏற்றது. ஒருவர் பெயரை நிமிர்த்தினார். ஒருவர் பெயரை மாற்றினார். இகழ்ந்தவர்கள் சொன்னதை உண்மை என்று இருவரும் ஏற்கவில்லை. மாணவர்களே, நீங்கள் ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது அச்சொல்லைக் கையாளாதீர்கள். ஒதுக்கப்பட்ட நிலையைக் கூற வேறு சொற்கள் அம்மொழியில் நிறைய உண்டு.

இப்போது முதலிற் சொன்ன மாணவனிடம் வருகிறேன்.

‘என் ஆசிரியர் என்னை இகழ்கிறார்’ என்று அவன் ஏன் எழுத நினைத்தான்? அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், அவனுடைய குறிப்பேட்டை இரண்டு விரல்களால் தூக்கி வகுப்பிற்குக் காட்டியிருந்தேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, எங்கும் விரற்கறைகள். “இதற்குப் பெயர் நோட்டா?” என்று கேட்டு, அவனை உதவாக்கரை என்றேன். அதை அன்றே மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை.

வாக்கியம் எழுதிய சில நாட்களுக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் மாலை மிதிவண்டியில் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். மண்ணெண்ணெய் விளக்கின் முன் தாயும் இரண்டு தமக்கையரும் அவனும் அமர்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு தகரத்தட்டில் பசை. அவனுடைய முழங்காலருகே ஆங்கிலப் புத்தகம் திறந்து கிடந்தது. காற்றில் தாள் புரளாதபடி அதன்மேல் ஒரு கல் வைத்திருந்தான். கை ஒட்ட, வாய் படித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, பசை படிந்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“வாங்க சார், உக்காருங்க” என்றார் அவனுடைய தாய். “நாளைக்கு வந்துருவான் சார். ரெண்டு குரோஸ் பாக்கி நிக்குது. முடிச்சுக் குடுத்தாத்தான் ஆபீஸ்ல துட்டு.”

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றே சொல்வார்கள். ஒரு குரோஸ் என்பது 144. அக்குறிப்பேட்டில் நான் அழுக்கு என்று கண்டது அந்தப் பசையே. ஏதோ இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஓர் ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்னும் தயக்கம் தடுத்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். 1986ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயது நிறையாதவரையே அத்தொழிலில் தடுத்தது. அவனுக்கு வயது நிறைந்திருந்தது. பதினெட்டு வயது வரை அபாயமான தொழில்களில் சேர்க்கலாகாது என்னும் திருத்தம் வந்தது 2016இல். அவனுக்கு அது பயன்படவில்லை.

அவன் எழுதிய வாக்கியத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இலக்கணப்படி அது பிழையே. இன்று அத்தாள் என் கைக்கு வந்தாலும் பிழை என்றே திருத்துவேன். ஆனால் வகுப்பு முழுவதும் சிரிக்க ஒரு சிறுவனின் உழைப்பைத் தூக்கிக் காட்டிய அந்தச் செயலுக்கு, அவன் அறியாமல் எழுதிய பெயரடையைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்நாள் முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். ‘இகழத்தக்க’ என்னும் அடையை ஆளின் பெயருக்கு முன் வைப்பதில்லை. செயலின் பெயருக்கு முன் மட்டுமே வைக்கிறேன். மனிதன் திருந்தலாம், செய்த செயல் செய்ததாகவே நிற்கும். இது ஆங்கில இலக்கணத்தின் விதியன்று. நானே எனக்கு இட்டுக்கொண்ட விதி. ‘இகழ்கின்ற’ என்னும் அடையை மட்டும் ஆளுக்கு வைக்கலாம்; முதலில் அதை நம் பெயருக்கு முன்னே வைத்துப் பார்த்துப் பொருந்துகிறதா என்று சோதித்துக்கொள்வது நலம்.

தேர்வில் இவ்விரு சொற்களும் வந்தால் ஈற்றை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். வகுப்பில் பசை படிந்த கைகளோடு ஒருவன் உங்கள் அருகில் அமர்ந்திருந்தால் அவனையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.